முதுகில் ஒரு குண்டூசி

குளித்துவிட்டு ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தால், என் புது மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள். மகள் ஊரில் வருஷக் கடைசியில் விடாமல் மழை பெய்யும் என்பதற்காகப் போன மாதம் பார்த்துப் பார்த்து வாங்கிய கோட்டு. அரக்குச் சிவப்பு. விலைச் சீட்டைக்கூட நான் இன்னும் அறுக்கவில்லை. எனக்கு வயிற்றுப் பக்கம் இறுக்கிப் பிடிக்கிற அது அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. அதைச் சரிசெய்யத்தான் என் கணவர் அவள் பின்னால் முட்டி போட்டு, வாயில் நான்கைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, முதுகுத் துணியை மடித்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தார். அவள் ஒரு துணிக்கடைப் பொம்மை. மூன்று வருஷமாகப் புருஷன், பிள்ளை சகிதம் எங்கள் வீட்டில் குடியிருக்கிறாள்.

“என்னங்க இது?”

வாயில் ஊசி இருந்ததால் “ம்ம்” என்றார்.

“மழைக்கோட்டுல ஊசி குத்தி ஓட்டை போடற ஆளை நான் எங்கயும் பார்த்ததில்லை. இதுக்கு எதுக்குங்க மழைக்கோட்டு? சல்லடையைப் போர்த்திக்கிட்டுப் போயிடலாமே நான்.”

ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக எழுந்தார். “முதுகுல குத்தினது யாருக்கும்மா தெரியப் போகுது? சாயங்காலம் கழட்டிக் குடுத்துடறேன். இந்தச் சிவப்பு இருக்கு பாரு, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் கண்ணை இழுக்கும்.”

“தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு யாரு பார்க்கப் போறா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அறையை ஒழுங்காகப் பார்த்தேன். சோபாவைச் சுவரோரம் தள்ளியிருந்தார். ஜன்னலை ஒட்டி ஒரு நீள மர பெஞ்சு. அதில் அப்பா பொம்மை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே செய்த பொம்மை அது, எழுந்து நிற்கத் தெரியாது. பையன் பொம்மை பெஞ்சோரமாக நின்று எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் அட்டையில் வெட்டி வண்ணம் அடித்த ரயில் பெட்டி. மேலே ஒரு பெரிய வட்டக் கடிகாரம், அதுவும் அட்டை. பெஞ்சின் காலடியில் இரண்டு பெட்டிகள். நேற்று முழுக்க உட்கார்ந்து, மகளுக்குப் பிடித்தது, மாப்பிள்ளைக்குப் பிடித்தது, பேத்திக்குப் பின்னிய குல்லா என்று நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டிகள். இன்று மாலை ஆறரை மணி வண்டியில் எங்களோடு ஏற வேண்டிய பெட்டிகள் அட்டை ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தன.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன ஜன்னலைத்தான் மறுபடி போடுகிறார்.

எங்கள் ஊரில் ‘பெரிய கடை’ என்றால் அது ஒன்றுதான். நான்கு மாடி. குண்டூசியிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் கிடைக்கும். வாசலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மேடை கட்டி, பொம்மைகளுக்கு உடுத்தி, விளக்குப் போட்டு, தெருவில் போகிறவர்களை நிற்க வைப்பதுதான் இவர் வேலை. சம்பளச் சீட்டில் ஏதோ நீளமான பதவி இருக்கும். கடையில் எல்லோரும் ஜன்னல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷக் கடைசி விடுமுறை வந்துவிட்டால் ஜன்னல்காரருக்குத் தலைகால் புரியாது. ஊரே குழந்தை குட்டிகளோடு அந்தக் கண்ணாடி முன்னால் வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதில் ஒரு வருஷம் அவர் செய்ததுதான் இந்த ரயில் நிலையம். அப்பா, அம்மா, பையன், பெட்டி படுக்கையோடு விடுமுறைக்குக் கிளம்பிக் காத்திருக்கும் குடும்பம். பேப்பரில் படம் எல்லாம் வந்தது.

நாங்கள் அப்படி ஒரு தடவைகூடக் கிளம்பியதில்லை. ஊரே விடுமுறைக்குப் போகும்போது இவர் விடுமுறைக்குப் போகும் குடும்பத்துக்குக் காலர் சரிசெய்துகொண்டிருப்பார். “நீங்க முன்னாடி போங்க, நான் நாளைக்கு வந்துடறேன்” என்பார். நானும் மகளும் முன்னாடி போவோம். அந்த நாளை மட்டும் வராது.

பிறகு கடையை மூடினார்கள். ஆளாளுக்குக் கணக்கை முடித்துக்கொண்டு போனபோது இவர் மட்டும் முதலாளியிடம் போய் இந்த மூன்று பொம்மைகளையும் பெஞ்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றி வந்தார். வாசலில் அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “வீட்டுக்கு ஆள் குறைச்சலா இருக்குன்னு கூட்டிட்டு வந்தீங்களா?” என்றேன். சிரித்தார். நாங்கள் குடியிருக்கும் இந்தத் தரைத்தள வீடு முன்பு ஏதோ கடையாக இருந்து வீடாக மாற்றியது. தெருவைப் பார்த்த முன்னறைக்குச் சுவரே கிடையாது, அகலமான ஒற்றைக் கண்ணாடி. “நல்ல வெளிச்சம்மா” என்று சொல்லித்தான் இந்த வீட்டைப் பிடித்தார். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தெருவில் போகிற வருகிறவன் எல்லாம் நான் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது என்று கனமான திரை வாங்கிப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

இதில் எண்ணெய் ஊற்றியவர் கேஷியர். பெரிய கடையின் தரைத்தளத்தில் பணம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர். இவரைவிட நாலைந்து வயது சின்னவர் என்பதால் என்னை அண்ணி என்பார், நானும் அந்த அறுபது வயதுக்காரரைத் தம்பி என்பேன். கடை மூடிய துக்கத்தில் போனில் ஒரு குழு ஆரம்பித்தார். பெரிய கடை நினைவுகள். ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் புலம்பல். நகரும் படிக்கட்டில் முதல் தடவை கால் வைத்த நாள், கதவைத் தள்ளியதும் முகத்தில் அடிக்கும் குளிர்ந்த காற்று, சாமானைச் சுற்றித் தரும் நீலத் தாளின் வாசனை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பொம்மை மாடிக்குப் போனது, நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது என்று வரிசையாக அழுகிற மூஞ்சிப் படங்கள். இவர் அதை எனக்குப் படித்துக் காட்டுவார், அதுவும் நான் துணி மடிக்கும்போது, பின்னாலேயே வந்து.

கண்ணில் தண்ணீர் வருகிறதாம். கடை திறந்திருந்த கடைசி ஐந்து வருஷம் இந்தக் கண்கள் எல்லாம் எங்கே போயிருந்தன? நானே பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு வருவார்கள். பத்து ஜோடி செருப்பை இறக்கச் சொல்லிப் போட்டுப் பார்ப்பார்கள். எந்த அளவு சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அங்கேயே குளிர்ச்சியாக உட்கார்ந்து, போனில் அதே செருப்பைக் கொஞ்சம் மலிவாக வரவழைத்துவிட்டு எழுந்து போவார்கள். இறக்கின பெண் குனிந்து எல்லாவற்றையும் பெட்டிக்குள் திரும்ப வைப்பாள். கேஷியரையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையிலிருந்து சவரக் கத்தி வரைக்கும் இன்றைக்கும் போனில்தான் வாங்குகிறார். அவர் வீட்டில் ஆள் இருக்காது என்று எங்கள் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். மதியம் கண்ணை மூடினால் போதும், அவருடைய பார்சலுக்கு நான் எழுந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலம் வந்து அதை வாங்கிக்கொண்டு, “அந்தக் காலம் மாதிரி வருமா அண்ணி?” என்று பெருமூச்சு விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்தக் கடை பிடிக்கும். இரண்டாம் மாடியில் துணிச் சுருளை மேசையில் தட்டித் தட்டிப் பிரிப்பார்களே, அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஆனால் பெரிய கடை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கண்ணாடிக்கு வெளிப்பக்கம்தான். மகளுக்கு அப்போது ஆறு வயது. விடுமுறை நாளில் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அழுகை. கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் முண்டியடித்து முன்வரிசையில் போய் நின்றோம். கண்ணாடிக்கு உள்ளே அவர் இல்லை. திரும்பிப் பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஜன்னலை எப்போதும் அப்படித்தான் சரிபார்ப்பார். எதிர் நடைபாதையில் நின்று, தலையைச் சாய்த்து, உள்ளே இருக்கும் ஆளுக்கு இரண்டு விரலால் சைகை காட்டுவார். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். மகள் “அப்பா!” என்று குதித்தாள். அவர் எங்களைப் பார்த்தார். இரண்டு விரலை உயர்த்தி, தள்ளுங்க, தள்ளுங்க என்று அசைத்தார். நாங்கள் அம்மா பொம்மையை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். குழந்தைக்கு அது எங்கே தெரியும்? அப்பா கையாட்டுகிறார் என்று சந்தோஷமாகப் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தாள். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.

புது உடுப்பும் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் தள்ளித்தான் வரும். விடுமுறை முடிந்து ஜன்னலைக் கலைக்கும்போது பொம்மைகள் போட்டிருந்ததை ஊழியர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். முன்னால் பார்த்தால் ராஜகுமாரி உடுப்பு. பின்னால் முதுகு முழுக்கக் குண்டூசி குத்தின ஓட்டை. பள்ளிக்கூடத்தில் மகளின் பின்வரிசைப் பிள்ளைகள் அந்த ஓட்டைகளில் பென்சில் முனையை விட்டு விளையாடுவார்களாம். ஒரு தடவை அவர் எடுக்க மறந்த ஊசி ஒன்று உள்ளேயே இருந்து, நாள் முழுக்கக் குத்தி, சாயங்காலம் உடுப்பைக் கழற்றினால் முதுகில் ரத்தப் பொட்டு. சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாளாம். டீச்சர் பாராட்டினாராம்.

அந்த மகள்தான் பகல் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். “கிளம்பிட்டீங்களாம்மா?”

“பெட்டி எல்லாம் ரெடி” என்றேன். பெட்டிகள் அட்டை ரயிலடியில் இருந்தன.

“அப்பா?”

“அவரு… கொஞ்சம் வேலையா இருக்காரு.”

அந்தப் பக்கம் பேத்தி எதற்கோ சிணுங்குவது கேட்டது. பிறகு மகள் சொன்னாள், கோபமே இல்லாமல், கடையில் விலை சொல்வதுபோல. “அம்மா, நான் சண்டை போடலை. கடை இருந்த வரைக்கும் கடைன்னு சொன்னாரு, சரின்னு விட்டேன். இப்ப கடையும் இல்லை. இந்தத் தடவை வரலேன்னா இனிமே அவரைக் கூப்பிட மாட்டேன். நீ எப்ப வேணா வா, உனக்கு வீடு திறந்துதான் இருக்கும். அவரைக் கூப்பிட மாட்டேன், அவ்வளவுதான்.”

அவள் அப்பா பிடிவாதம் அப்படியே அவளுக்கு. சொன்னால் சொன்னதுதான். நான் நேராக முன்னறைக்குப் போய் ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் ஒப்பித்தேன். ரயில் பெட்டியின் ஜன்னல்களுக்குப் பின்னால் குட்டி குட்டி விளக்குகளை ஒட்டிக்கொண்டிருந்தார். தரை அழுக்காகக் கூடாது என்று காலில் சாக்ஸ் மட்டும், கடையில் இருந்தபோது போலவே. கை ஒரு நிமிஷம் நின்றது.

“வராம எங்க போகப் போறேன்? அஞ்சு மணிக்குத் திரையைத் திறந்தா, குழுவுல சொல்லி வெச்சவங்க எல்லாரும் அஞ்சரைக்குப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம். தாராளமா போயிடலாம்.”

“சத்தியமா?”

“அட, என்னம்மா நீ.”

சத்தியம் பண்ணவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைத்தேன், பால் வேண்டாம் என்று சொன்னேன், காஸ் அடுப்பை மூடினேன், மூடினேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். ஊருக்குப் போகிற பெண்பிள்ளைக்கு ஆயிரம் வேலை.

நாலரை மணிக்குக் கேஷியர் வந்தார். புதுச் சட்டை, போனில் வாங்கியது, மடிப்புக்கூடக் கலையவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். “அண்ணி! வெளிய வந்து பாருங்க, இப்பவே கூட்டம் சேர்ந்தாச்சு. அண்ணே, டிவிக்காரங்க ஏழு மணிக்குத்தான் வர முடியுமாம். அதுவரைக்கும் விளக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேட்டி எடுக்கறாங்க. நான்தான் நேத்தே சொன்னேனே!”

நேற்றே சொல்லியிருக்கிறார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் அட்டைக் கடிகாரத்தின் முள்ளை எதற்கோ திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏழு மணிக்கு நாம வண்டியில இருக்கணும்ங்க.”

“இங்க பாரும்மா.” குரலை ஒரு படி இறக்கினார். அந்தக் குரலை எனக்கு அத்துப்படியாகத் தெரியும். “நீ முன்னாடி போயிடு. நான் நாளைக்குக் காலையில முதல் வண்டியில வந்துடறேன்.”

நேராகப் போய் என் கோட்டைப் பிடித்து இழுத்தேன். பொம்மைக்கு உடுப்பு கழற்றுவதற்கு முறை உண்டு. முதலில் கையைத் திருகிக் கழற்ற வேண்டும், பிறகுதான் துணி வரும். எனக்கும் தெரியும், முப்பது வருஷமாகக் கேட்ட பாடம்தானே. ஆனால் கோபம் வந்தவள் முறையா பார்ப்பாள்? இழுத்த இழுப்பில் ஒரு கை தனியாகக் கழன்று கோட்டோடு என் கையில் வந்தது. பொம்மை ஒரு சுற்றுச் சுற்றி, பெஞ்சின் முனையில் மோதி, தரையில் விழுந்தது. தலை தனியாக உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.

“ஐயோ அண்ணி!” என்றார் கேஷியர்.

இவர் கத்தவில்லை. சாக்ஸ் காலோடு போய் மண்டியிட்டு, உடம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தடவிப் பார்த்தார். “கழுத்து விண்டுபோச்சு” என்றார். அவ்வளவுதான். அந்த மெல்லிய குரலைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. உடனே அதற்காகவும் எரிச்சல் வந்தது. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் வந்த மனிதர் இவர்.

“அம்மா இல்லாம எப்படிண்ணே ஜன்னலைத் திறக்கறது? எல்லாரும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க?” கேஷியர் கையைப் பிசைந்தார்.

அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. கோட்டில் கைக்குத் தட்டுப்பட்ட ஊசிகளைப் பிடுங்கிப் போட்டேன். அதை மாட்டிக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் மூச்சை இழுத்துப் பொத்தான் போட்டேன். கைப்பையைத் தோளில் தொங்கவிட்டு, போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, போய் அந்த பெஞ்சில், அப்பா பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன அண்ணி பண்றீங்க?”

“ஊருக்குப் போகக் காத்துட்டிருக்கேன் தம்பி. இந்த மனுஷனோட எப்பவும் இதானே எனக்கு வேலை? நீங்க திரையைத் திறங்க.”

“எழுந்திரும்மா, விளையாடாதே” என்றார் இவர்.

“நான் எழுந்திருக்க மாட்டேன். முன்னாடி போன்னு சொன்னீங்கல்ல? இதைவிட முன்னாடி எங்க போறது? ஜன்னலுக்கே வந்துட்டேன்.”

இவர் எழுந்து வந்து என் எதிரே நின்றார். கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன், சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். தலை மெல்லச் சாய்ந்தது. கண் சுருங்கியது. பிறகு குனிந்து, மடங்கியிருந்த என் கோட்டுக் காலரை இரண்டு விரலால் எடுத்து நிமிர்த்திவிட்டார். கடவுளே, என் கோபத்துக்கும் காலர் சரிசெய்கிறார்! இந்த ஜென்மத்தை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் பொம்மை தலையில் அடித்துக்கொள்ளாதே.

அதற்குள் வெளியே யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். இவர் சாக்ஸோடு வாசலைத் தாண்டி ஓடினார். எதிர் நடைபாதைக்குத்தான், வேறெங்கே? கேஷியர் விளக்கைப் போட்டுவிட்டு, என்னை ஒரு தடவை பயத்தோடு பார்த்து, கயிற்றை இழுத்தார்.

திரை விலகியதும் “ஓ” என்று ஒரு சத்தம். மேலே காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கும் சின்னக் கதவு வழியாக எல்லாம் தெளிவாகக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக முகங்கள். முகங்கள்கூட இல்லை, போன்கள். ஆளுக்கு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை நேராகப் பார்க்காமல் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அதே பெஞ்சு!” என்றது ஒரு குரல். “அந்தக் கடிகாரத்தைப் பாரு, எனக்கு அழுகையா வருது” என்றது இன்னொன்று. “அம்மா பொம்மை அச்சு அசல் மனுஷி மாதிரியே இருக்குல்ல?” என்றாள் ஒருத்தி. அவள் புருஷன், “முன்னாடி இவ்வளவு குண்டா செய்ய மாட்டாங்க” என்றான். எழுந்து போய் ஒன்று வைக்கலாம்போல இருந்தது. மூக்கு வேறு அரித்தது. நான் அசையவில்லை. முப்பது வருஷம் அந்தப் பக்கம் நின்று பார்த்தவளுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. விளக்கு கண்ணில் அடிக்கிறது. எல்லோரும் உன்னைப் பார்க்கிறார்கள். ஒருத்தருக்கும் நீ யாரென்று தெரியாது.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. மகள். ஒரு தடவை விட்டேன். மறுபடி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். வெளியே ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. “அய்யய்யோ, அசையுது!”

“எங்கம்மா இருக்கீங்க?” என்றாள் மகள்.

“ஸ்டேஷன்ல.”

“அதுக்குள்ளயா? ஒரே கூட்டச் சத்தமா இருக்கே. அப்பா பக்கத்துல இருக்காரா?”

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கால்மேல் கால். வழித்து வாரிய தலை. எதையும் பார்க்காத கண்.

“ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. வாயைத் திறக்க மாட்டேங்கறாரு.”

“அம்மா!” சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். “வராரா இல்லையா, அதை மட்டும் சொல்லு. உள்ள அவருக்குத் தனியா மெத்தை போட்டு வெச்சிருக்கேன். போட்டதை எடுக்கணுமா வேண்டாமா?”

எனக்கு என்ன தெரியும்? நிமிர்ந்து கூட்டத்துக்கு மேலாகப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், மூடிய மருந்துக் கடை வாசலில், சாக்ஸ் காலோடு நின்றுகொண்டிருந்தார். தலை சாய்ந்திருந்தது. ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னை மறைத்து நின்றாள். அவர் கை மேலே போயிற்று. இரண்டு விரல். கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு. அந்தச் சின்னப் பெண்ணுக்கா எனக்கா என்று நான் யோசிக்கவில்லை.

“மெத்தை இருக்கட்டும். நான் திரும்பப் பேசறேன்” என்று போனைப் பையில் போட்டேன்.

எழுந்தேன். அப்பா பொம்மையைத் தோளிலும் முழங்காலுக்கு அடியிலும் கை கொடுத்துத் தூக்கினேன். அடேயப்பா, என்ன கனம். மூன்று வருஷமாகத் தூசி தட்டியிருக்கிறேன், தூக்கியதில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே கொண்டுபோய் மூலையில், சுவரைப் பார்க்க இறக்கினேன். வெளியே கூச்சல், சிரிப்பு, “நிஜ ஆளுடா!” என்று ஒரே அமர்க்களம். கேஷியர் அறை வாசலில் நின்று “அண்ணி, அண்ணி” என்று கெஞ்சுவது கேட்டது. நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. பொம்மை உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் பளிச்சென்று தெரிந்தது. அதன் மேல் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எதிர் நடைபாதையைப் பார்த்தேன்.

அவர் கை இன்னும் மேலேயே இருந்தது. ஆனால் விரல்கள் அசையவில்லை. அந்தச் சின்னப் பெண்ணும் என் பார்வை போகும் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, அவருக்குக் கையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது, எங்கள் தெருவில் எப்போதும் நிற்பதுபோல நடுத்தெருவில். ஆள் இறங்கி, ஆள் ஏறி, கண்டக்டர் யாரோடோ சண்டை போட்டு முடித்து அது நகர்வதற்குள் என் உயிர் போய்விட்டது. நகர்ந்தது. மருந்துக் கடை வாசலில் யாரும் இல்லை. நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தேன். கூட்டத்துக்குள் தேடினேன். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், ஒரு முகமும் தெரியவில்லை.

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டதா, கேஷியர்தான் வெளியே ஓடினாரா? திரும்பிப் பார்க்கலாம் என்று உடம்பைத் திருப்பினேன். சுருக்கென்றது. நான் பிடுங்காமல் விட்ட ஊசி ஒன்று முதுகில். சாயாமல், நிமிர்ந்து, பக்கத்து இடத்தின் மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் அவர் திருப்பி வைத்த அட்டைக் கடிகாரம் ஆறரையைக் காட்டிக்கொண்டிருந்தது.